காய்ச்சல் விட்ட பிறகு வந்த களைப்பு

மட்டக்களப்பில் காய்ச்சல் என்றால் எல்லா வீட்டுக்கும் ஒரு கணக்குத் தெரியும். டெங்கு எங்களைப் பழக்கிவிட்டது. பனடோல் மட்டும்தான் கொடுக்க வேண்டும், மூன்றாம் நாளுக்குள் ரத்தம் சோதிக்க வேண்டும், பிளேட்லட் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டு, பிளேட்லட் ஏறி, பிள்ளை சோறு கேட்டுவிட்டால் வருத்தம் முடிந்தது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். என் தம்பியின் வருத்தம் அந்த இடத்தில்தான் தொடங்கியது. காய்ச்சலைக் கொண்டுவந்த கிருமி அவனுடைய இருதயத் தசையைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அப்போது அவனுக்கு 26 வயது.

இருதய வருத்தம் என்றால் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் உள்ள வயதானவர்களுக்கு வருவது என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் ஊறிப்போய் இருக்கிறது. வாலிபப் பிள்ளைகளுக்கும் அது வரும், சாதாரணக் காய்ச்சல் தடிமனுக்குப் பிறகும் வரும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, பள்ளிக்கூட ஆசிரியை. வார்ட்டிலும் கிளினிக்கிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு தேடி வாசித்ததும்தான் இதில் இருக்கிறது.

நாங்கள் படுவான்கரைப் பக்கம். தம்பி வேளாண்மை செய்கிறான், ஊர்க் கழகத்தில் பந்து விளையாடுகிறான், சிகரெட் பழக்கம் இல்லை. அது பெரும்போகம், உரம் எறிகிற காலம். வட்டையில் நல்ல தண்ணீர். ஒரு பின்னேரம் காய்ச்சலோடு வந்து படுத்தான். மேல் நோவு, தொண்டை நோவு, கொஞ்சம் வயிற்றாலும் போனது. டெங்குக்குப் பார்த்தோம், இல்லை என்று வந்தது. மேல் நோவு தாங்காமல் ஒரு பார்மசியில் கேட்டிருக்கிறான். அவர்கள் துண்டு எதுவும் கேட்காமல் டைக்ளோபினாக் குளிசை கொடுத்துவிட்டார்கள். நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. பிறகு ஒரு கிழமை போல நல்லாகத்தான் இருந்தான்.

யூரியா மூட்டை 50 கிலோ. மிசினிலிருந்து இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு வரம்பால் நடப்பது அவனுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. அன்றைக்கு அரைவாசித் தூரத்தில் மூட்டையை இறக்கிவிட்டு வரம்பில் குந்திவிட்டான். கூடப் போன மச்சான், "என்னடா, கிறுகிறுக்குதா?" என்று கேட்க, "இல்ல மச்சான், மூச்சுப் பத்துதில்ல" என்றிருக்கிறான். வீட்டுக்கு வந்த பிறகு அவன் அதைச் சொல்லவில்லை. மச்சான்தான் சொன்னார்.

அம்மா அதைக் காய்ச்சல் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். "காய்ச்சல் கிடந்த உடம்பு மனே, தேற நாள் எடுக்கும்" என்று முருங்கை இலைக் கஞ்சியும் முட்டையுமாகக் கொடுத்தார். அதில் பிழை சொல்ல முடியாது. டெங்கு வந்து போனவர்களுக்கும் கிழமைக்கணக்கில் சோர்வு இருக்கும். ஆனால் தம்பிக்கு இரவில் இருமல் தொடங்கியது. படுத்தால் இருமும், எழும்பி இருந்தால் குறையும். இரண்டு தலையணை வைத்தான். பிறகு படுக்கையை விட்டுவிட்டு மண்டபத்துச் சுவரில் சாய்ந்தபடியே விடிய விடியத் தூங்கினான். ஒரு தனியார் டொக்டரிடம் காட்டினோம். நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னதற்கு கேஸ்ட்ரிக் என்று குளிசையும், இருமலுக்குப் பாணியும் எழுதினார். நாடி பிடித்துப் பார்க்கவில்லை. போன கிழமை காய்ச்சல் இருந்ததா என்றும் கேட்கவில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத மனக்குறை.

எனக்குப் பிடிபட்டது அவனுடைய காலைப் பார்த்தபோதுதான். செருப்பைக் கழற்றி நெடுநேரமாகியும் புறங்காலில் வார் பதிந்த பள்ளம் அப்படியே கிடந்தது. விரலால் அமத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி மேலே வரவில்லை. 26 வயதுப் பையனுக்குக் கால் வீங்கக் கூடாது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு எடுத்தேன். அந்தச் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. எங்கள் ஊருக்கெல்லாம் வருமா என்று நினைக்க வேண்டாம், வரும். ஓட்டோவில் கூட்டிப் போயிருக்கலாமே என்று பிறகு பலர் சொன்னார்கள். ஓட்டோவில் ஒட்சிசன் இல்லை, அம்புலன்ஸில் இருந்தது. வழியிலேயே அதை வைத்தார்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் முதலில் கேட்ட கேள்வியே, "இந்த மாசம் காய்ச்சல், தடிமன், வயிற்றோட்டம் ஏதும் வந்ததா?" என்பதுதான். நாடி சும்மா இருக்கும்போதே 120க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஈசிஜி எடுத்தார்கள். இருதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற பொருள் கூடும், அதுவும் கூடியிருந்தது. எக்ஸ்ரேயில் இருதயம் பெருத்திருந்தது, நுரையீரலில் நீர். வார்ட்டில் மறித்தார்கள். எக்கோ ஸ்கேனில் 25 சதவீதம் என்று எழுதினார்கள்.

அந்த இலக்கத்தைப் பார்த்ததும் அம்மா தலையில் கை வைத்துவிட்டார். பலரும் அப்படித்தான் பதறுகிறார்கள், ஆகவே இதைச் சொல்ல வேண்டும். இருதயத்தின் இடது கீழறை நிரம்பும்போது அதில் இருக்கும் ரத்தத்தில் எவ்வளவை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்தச் சதவீதம். நல்ல இருதயத்திலும் அது 55 தொடக்கம் 70 வரைதான் இருக்கும். நூறு யாருக்கும் இல்லை. ஆகவே 60 என்று வந்தால் இருதயத்தில் 40 பங்கு போய்விட்டது என்று அழ வேண்டாம். 25 என்பது நிச்சயமாகக் கடுமைதான், ஆனால் முக்கால்வாசி இருதயம் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இளம் ஆட்களில் இந்த இலக்கம் திரும்ப ஏறலாம் என்று அந்த டொக்டர் அன்றைக்கே சொன்னார். அம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் வார்ட்டு வாசலில் இருந்தார்.

வருத்தத்தின் பெயர் மயோகார்டைட்டிஸ், அதாவது இருதயத் தசை அழற்சி. பெரும்பாலும் வைரஸ்கள்தான் காரணம். வயிற்றோட்டமும் தொண்டை நோவும் கொடுக்கிற கொக்சாக்கி என்ற வைரஸ், தடிமன் கொடுக்கிற அடினோ வைரஸ், பார்வோ வைரஸ், இன்புளுவன்சா, கொரோனா எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. டெங்குவும் இருதயத்தைத் தொடும், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். எலிக்காய்ச்சலும் தொடும். முதலில் கிருமி தசைக் கலங்களுக்குள் போய்ச் சேதம் செய்கிறது. அதை விரட்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தி வருகிறது. சிலருக்குக் கிருமி போன பிறகும் அந்த எதிர்ப்புச் சக்தி அடங்காமல் சொந்தத் தசையையே தாக்கிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு மூச்சு முட்டுவது அதனால்தான். நாளெல்லாம் தண்ணீர் ஊறிய வரம்பு எப்படி இளகி அகலுமோ, அப்படி இருதயத்தின் சுவர் தளர்ந்து அறை விரிந்துபோகிறது. இந்த விரிவு நிலைத்துவிட்டால் அதுதான் தசைநோய், டைலேட்டட் கார்டியோமயோபதி என்கிறார்கள்.

எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. 2013 இல் ஐரோப்பிய இருதயநோய்ச் சங்கத்தின் நிபுணர்கள் எழுதிய அறிக்கைப்படி, ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு முதல் 2 தொடக்கம் 4 கிழமைக்குள்ளேயே சரியாகிவிடுகிறது. கால்வாசிப் பேருக்கு இருதயத்தின் பலக்குறைவு நீடிக்கிறது. ஒரு சிறு பங்குக்கு வேகமாக மோசமாகிறது. இன்னார் எந்தப் பங்கில் விழுவார் என்று முதல் நாளில் பார்த்துச் சொல்ல ஏலாது. அதனால்தான் ஆரம்பத்தில் மொனிட்டர் போட்டுக் கவனிக்கிறார்கள். துடிப்பு ஒழுங்கு தவறுவதுதான் அந்த நாட்களின் பெரிய ஆபத்து.

சரி, தம்பிக்கு எந்தக் கிருமி? அம்மாவும் நானும் இதைக் கேட்காத டொக்டர் இல்லை. வயல் வேலை என்பதால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று, சோதனை முடிவு வரும்வரை அதற்கான மருந்தை ஏற்றினார்கள். எலிக்காய்ச்சல் இல்லை என்று முடிவு வந்தது. "வைரஸாக இருக்க வேண்டும்" என்பதற்கு மேல் யாரும் போகவில்லை. எனக்கு முதலில் அது மழுப்பலாகத் தெரிந்தது. பிறகு ஒரு இளம் டொக்டர், பெண் பிள்ளை, நேரம் எடுத்து விளக்கினார். இருதயம் பாதிக்கப்பட்டு ஆள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது வைரஸ் அனேகமாகப் போய்விடும். ரத்தத்தில் அதற்கெதிரான அடையாளம் இருந்தாலும் அந்தக் கிருமிதான் இருதயத்தைத் தொட்டது என்று அது நிரூபிக்காது. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் இருதயத்துக்குள் கம்பி விட்டுச் சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஆபத்தும் உண்டு. எடுத்தாலும் பாதிக்கப்படாத இடத்துச் சதை அகப்பட்டால் ஒன்றும் தெரியாது. ஆகவே ஆள் மிக மோசமாகப் போகும்போதோ, சிகிச்சையே மாற வேண்டிய சந்தேகம் இருக்கும்போதோதான் அதைச் செய்கிறார்கள். தம்பிக்குத் தேவைப்படவில்லை. பின்னர் கொழும்பில் திகதி எடுத்து, இரவு ரயிலில் கூட்டிப்போய் இருதய எம்ஆர்ஐ செய்தோம். அதில் தசையில் வீக்கமும், ஓரிடத்தில் தழும்பும் தெரிந்தன. மாரடைப்பில் வருகிற தழும்பின் இடம் வேறு, அழற்சியில் வருவது வேறு என்று காட்டினார்கள். அத்தோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். எந்த வைரஸாக இருந்தாலும் கொடுக்கும் மருந்து அநேகமாக ஒன்றுதான்.

ஊரில் வேறு காரணங்கள் வந்தன. கண்ணூறு என்றார்கள். ஊசி போட்டதால்தான் என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். கொரோனாவுக்கு வந்த எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிக்குப் பிறகு இளம் ஆண்களில் அரிதாக இந்த அழற்சி வந்தது உண்மை. அது பெரும்பாலும் ஊசி போட்ட ஒரு கிழமைக்குள், அதிகம் இரண்டாம் ஊசிக்குப் பிறகு வந்தது, பெரும்பாலானோருக்கு லேசாக வந்து போனது. வருடங்கள் கழித்து வருகிற இருதய வருத்தத்தை அதில் கட்டிவிட ஏலாது. தம்பியின் டொக்டர் ஊசித் திகதியையும் கேட்டுவிட்டுத்தான் அதைத் தள்ளிவைத்தார். வீண் பேச்சில் ஒரு தாய் அடுத்த பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை விரித்துச் சொல்கிறேன். தொண்டை அடைப்பானும் (டிப்தீரியா) அதன் நஞ்சால் இருதயத் தசையைக் கெடுக்கிற நோய்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அது வராமல் இருப்பது ஊசியால்தான்.

இனி, வீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பது. காய்ச்சலுக்குப் பிறகு வருகிற ஒவ்வொரு சோர்வுக்கும் பயந்து ஓட வேண்டியதில்லை. சாதாரணச் சோர்வு நாளுக்கு நாள் குறையும். குறையாமல் கூடிக்கொண்டு போனால் சந்தேகப்படுங்கள். முன்பு சும்மா செய்த வேலைக்கு மூச்சு வாங்குவது, தட்டையாகப் படுக்க ஏலாமல் போவது, நடு இரவில் மூச்சு முட்டி எழும்புவது, கால் வீங்குவது, காய்ச்சல் இல்லாமலே நெஞ்சு படபடப்பது, நெஞ்சு நோவு, தலை சுற்றி விழுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விழுந்து நினைவு தப்பினால் ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்கக் கூடாது. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி எண்ணப் பழகுங்கள். காய்ச்சல் விட்டபின், ஓய்வாக இருக்கும்போதும் 100க்கு மேலேயே நின்றால் காட்ட வேண்டும். ஈசிஜி ஒன்று நல்லபடி வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து இந்த வருத்தம் இல்லை என்று முடிவு செய்ய ஏலாது, இளைப்பு விடாமல் நீடித்தால் எக்கோ கேளுங்கள். டொக்டரிடம் போனதும் இருமலைச் சொல்லித் தொடங்காமல், "இத்தனை நாளுக்கு முன் காய்ச்சல் வந்து விட்டது, அதற்குப் பிறகு படுக்க ஏலாமல் மூச்சு முட்டுகிறது" என்று அந்த வரிசையிலேயே சொல்லுங்கள். இருமல், சளி, கேஸ்ட்ரிக் என்று நாங்களே பெயர் வைத்துச் சொன்னால், நெரிசலான நேரத்தில் அந்தப் பெயருக்குத்தான் மருந்து கிடைக்கும்.

காய்ச்சலுக்கு டைக்ளோபினாக், ஐபுபுறுபென், அஸ்பிரின் வேண்டாம் என்று சுகாதாரப் பகுதியினர் டெங்குவுக்காகச் சொல்வது எல்லோருக்கும் தெரியும், ரத்தக் கசிவு கூடும் என்பதால். இருதய அழற்சிக்கும் அந்த வகைக் குளிசைகள் நல்லதல்ல. உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, தளர்ந்த இருதயத்துக்குச் சுமை கூட்டும். தம்பிக்கு அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் துண்டு இல்லாமல் அதைக் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். காய்ச்சலோடு பந்து விளையாடுவதும், காய்ச்சல் விட்ட மறுநாள் போட்டிக்குப் போவதும் அதே போல விட வேண்டியவை.

வீட்டுக்கு வரும்போது எனலப்ரில், பைசோப்ரோலோல், ஸ்பைரோனோலக்டோன், நீர் போக ஃபுரோசமைட் என்று குளிசைகள் தந்தார்கள். மாதக் கிளினிக்கில் பெரும்பாலும் இலவசமாகக் கிடைத்தன. இல்லாததுக்குத் துண்டு தருவார்கள். அதை அன்றைக்கே பஸ் ஏறுமுன் வாங்கிவிட வேண்டும், ஊருக்கு வந்துவிட்டால் நாள் போய்விடும். கொஞ்ச நாளில் தம்பிக்குத் தொண்டையைச் சுரண்டுகிற மாதிரி வறட்டு இருமல் வந்தது. பழையது திரும்பிவிட்டதோ என்று எல்லோரும் பயந்துபோனோம். இது படுத்தாலும் இருந்தாலும் ஒரே மாதிரி இருந்தது, கால் வீக்கமோ நிறைக் கூடுதலோ இல்லை. எனலப்ரில் சிலருக்குக் கொடுக்கிற இருமல் அது. லொசாட்டனுக்கு மாற்றினார்கள், நின்றுவிட்டது. இருமலைப் பார்த்துக் குளிசையை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம், கிளினிக்கில் சொன்னால் மாற்றுக் குளிசை இருக்கிறது.

ஒரு தராசு வாங்கினோம். காலையில் எழும்பி, சலம் கழித்துவிட்டு, சாப்பிடுமுன் ஏறி நின்று நிறையைக் கொப்பியில் எழுத வேண்டும். மூன்று நாளுக்குள் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்குமுன்னே தராசு சொல்லிவிடும். தண்ணீர் குடிப்பதற்கும் அளவு வைத்தார்கள், ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர். கடையில் விற்கிற பெரிய தண்ணீர்ப் போத்தலின் அளவு அது. காலையில் அதை நிரப்பி வைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்தால் அந்த அளவை அதிலிருந்து ஊற்றிவிடுவோம். மிஞ்சியிருப்பதுதான் அன்றைய பங்கு.

உப்புத்தான் எங்கள் வீட்டில் பெரிய போராட்டம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டி மட்டத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வாவி மீனும் கருவாடும் மாசிச் சம்பலும் சாப்பிட்ட நாக்குக்கு அது கடினம். அம்மா மீன் குழம்பில் உப்பைக் குறைத்து, புளியும் மிளகும் தேசிக்காயும் கூட்டினார். முதலில் தம்பி தட்டைத் தள்ளினான். பிறகு பழகிவிட்டது, இப்போது கடைச் சோறுதான் அவனுக்கு உவர்க்கிறது. கருவாடும் ஊறுகாயும் வீட்டுக்குள் வருவதில்லை, அவனுக்கு மட்டும் வேறு சமையல் என்று வைக்காமல் எல்லோரும் அதையே சாப்பிட்டோம்.

இன்னொன்று இளநீர். வருத்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு வரமாட்டார்கள், இளநீர்க் குலையோடு வருவார்கள். உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாங்களும் வெட்டிக் கொடுப்போம். ஆனால் ஸ்பைரோனோலக்டோனும் எனலப்ரில், லொசாட்டன் வகையும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய. அது மிஞ்சினால் துடிப்பே தடுமாறும். இந்தக் குளிசைகளில் இருப்பவர்கள் இளநீரை டொக்டரிடம் கேட்காமல் குடிக்கக் கூடாது, சொன்ன திகதிக்கு ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அன்போடு கொண்டுவருகிற சனத்திடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். அம்மா வாங்கி வைத்துவிட்டு அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

விளையாட்டும் கடும் உழைப்பும் 3 தொடக்கம் 6 மாதம் வரை முழுதாக நிறுத்தம் என்றார்கள். இளம் விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் திடீரென விழுந்து இறக்கிற காரணங்களில் இந்த அழற்சியும் ஒன்று. தம்பி பந்தை விட்டுக்கொடுத்தான். அவனுக்கு மனம் வராமல் போனது கதிர்காமத்துக்கு. எங்கள் பக்கத்துப் பொடியன்கள் ஆடி விழாவுக்கு உகந்தையால் காட்டுக்குள் இறங்கி, குமண, யால வழியே நாட்கணக்கில் நடப்பார்கள். அம்மாவும் அவன் பிழைத்து வந்தால் நடத்தி அனுப்புவதாக நேர்ந்துவிட்டார். கிளினிக்கில் கேட்டோம். காட்டு வழியில் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, நீர்க்குளிசை, ஆஸ்பத்திரி இல்லை, "இந்த வருசம் வேண்டாம்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். கோயில் குருக்களிடம் போய்ச் சொன்னபோது, நேர்த்தியை உடம்பு தேறியபின் வைக்கலாம், முருகன் அவசரப்படுத்தமாட்டான் என்றார். அம்மாவின் மனம் ஆறியது அந்த வார்த்தையில்தான். தீமிதிப்பு, காவடி, விரதம் என்று நேர்ந்துகொள்கிற தாய்மாருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: நீர்க்குளிசை குடிக்கிற பிள்ளையைப் பட்டினி விரதம் இருக்கவிட வேண்டாம்.

எக்கோ வரிசையில் அக்கரைப்பற்றுப் பக்கத்து இளம் பெண் ஒருவரைச் சந்தித்தேன், புதிதாகக் கல்யாணம் முடித்தவர். அவருக்கும் இளைப்புத்தான், ஆனால் காரணம் வேறு. சின்ன வயதில் வந்த தொண்டைப் புண்ணின் பின்னால் வாதக்காய்ச்சல் வந்து, இருதய வால்வு சுருங்கியிருந்தது. அதுவும் தொற்றின் வேலைதான். கிருமி நேரே இருதயத்தைத் தாக்காமல், அதற்கெதிரான எதிர்ப்புச் சக்தி வால்வைக் கெடுத்திருந்தது. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய உம்மா என்னிடம், "பிள்ள பெறலாமா எண்டு கேக்கப் பயமா இருக்கு மகள்" என்றார். கேட்கத்தான் வேண்டும். தம்பி குடிக்கிற எனலப்ரில், லொசாட்டன், ஸ்பைரோனோலக்டோன் போன்றவை கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யும். இருதய வருத்தம் உள்ள பெண்கள் கர்ப்பம் தரிக்குமுன்பே கிளினிக்கில் பேசி, குளிசையை மாற்றி, இருதயம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அவரோடு உள்ளே போய் அதைக் கேட்டேன். டொக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

தம்பியின் இலக்கம் மெல்ல ஏறியது. 40 ஆனது, பிறகு ஒரு எக்கோவில் 55 என்று வந்தது. ஊரில் எல்லோரும் "சுகமாயிற்றே, இன்னும் என்னத்துக்குக் குளிசை" என்று கேட்கத் தொடங்கினார்கள், தம்பியும் கேட்டான். டொக்டர் சொன்ன ஒரு ஆய்வு என் மனதில் நின்றுவிட்டது. 2018 இல் வெளியான, லண்டனில் செய்த ட்ரெட்-எச்எஃப் என்ற ஆய்வு அது. தசைநோய் வந்து எக்கோ நல்லபடி ஆகிவிட்ட 51 பேரை எடுத்து, ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு வருத்தம் திரும்பியது. தொடர்ந்து குடித்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அவர்களில் எல்லோருக்குமே தொற்றுத்தான் காரணம் என்றில்லை. லேசாக வந்து முழுதாக ஆறிய சிலருக்கு டொக்டர்மாரே மருந்தைக் குறைத்து நிறுத்துவதும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்வது டொக்டர், எக்கோ பார்த்துப் பார்த்து. தம்பி இன்றும் குடிக்கிறான்.

தொற்றுத்தான் காரணம் என்று நாங்கள் நம்பியிருந்தபோதும் டொக்டர் இன்னொரு கேள்வியை விடாமல் கேட்டார். குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென இறந்திருக்கிறார்களா? அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, முப்பது வயது தாண்டுமுன் தூக்கத்திலேயே போனவர். வீட்டில் அதைப் பேசுவதே இல்லை. இருதயத் தசையின் புரதங்களை ஆக்கும் மரபணுக்களில் பிழை இருப்பவர்கள் உண்டு, அவர்களில் சிலருக்கு ஒரு சாதாரண வைரஸ் வந்துதான் மறைந்திருந்த வருத்தத்தை வெளியே கொண்டுவருகிறது. ஆகவே என்னையும் தங்கச்சியையும் அம்மாவையும் ஈசிஜியும் எக்கோவும் செய்யச் சொன்னார். மூன்று பேருக்கும் நல்லபடி வந்தது. இப்போது நன்றாக இருந்தாலும் பின்னால் தலைகாட்டலாம் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமாம். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், இதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அம்மா கலங்கினார். நான் அவரோடு இருந்து பேசினேன். பரிசோதித்து நல்லபடி வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்க்காமல் விட்டு, கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்தால்தான் கஷ்டம்.

வேளாண்மைக்காரருக்கு ஒன்று. எலிக்காய்ச்சலைத் தடுக்க டொக்சிசைக்ளின் குளிசை இருக்கிறது. வயலில் இறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை 200 மி.கி. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பிஎச்ஐ) கேட்டால் தருவார்கள். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, தொண்டைக் குழாயைப் புண்ணாக்கும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தாங்களாக எடுக்கக் கூடாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அது ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருப்பது நல்லது. வயலுக்குப் போய்வந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று வந்த உடனே நின்றுவிடாமல் வயலில் நின்றதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். தம்பி இந்தப் போகத்துக்குப் பாரம் தூக்கும் வேலையை மச்சானிடம் விட்டுவிட்டான். விதைக்குமுன்பே கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டி, மற்றக் குளிசைகளோடு டொக்சிசைக்ளினும் எடுக்கலாமா என்று கேட்டான். எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.